துளிக்குள் நின்ற குடை

கொண்டலாறு வற்றிப் பல காலம் ஆன பிறகு, அது ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆய்வகத்துக்குள் போக வேண்டும், சன்னலோரத்து மேசையில் இருக்கும் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார வேண்டும், ஒரு கண்ணைக் குழாயின்மேல் வைத்து மறு கண்ணையும் மூடாமல் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு கண்ணில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும், மறு கண்ணில் சன்னலுக்கு வெளியே மணல் லாரிகள் தோண்டிய பள்ளங்களோடு அதே ஆறு வறண்டு கிடக்கும். இரண்டில் எது நிஜம் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. தண்ணீர் தெரிந்ததே, அது போதாதா என்று இருந்துவிட்டோம்.

அது வந்த விதத்தில் பெரிய விசேஷம் ஒன்றும் கிடையாது. ஆடி மாதத்தில் ஒரு நாள், பதினோராம் வகுப்புப் பெண்களுக்குப் பாரமீசியம் என்கிற ஒற்றைச் செல் உயிரைக் காட்டுவதற்காக, சண்முகவடிவு டீச்சர் ஆய்வக உதவியாளர் முப்பிடாதியை ஆற்றுக்கு அனுப்பினார். குளத்துத் தண்ணீர் இருந்தால்தானே பாரமீசியம் இருக்கும், குளம்தான் பஸ் நிலையத்து விரிவாக்கத்துக்குள் போய்விட்டதே, அதனால் முப்பிடாதி ஆற்று மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, கசிந்த தண்ணீரை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். டீச்சர் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, மெல்லிய கவர் சிலிப்பைச் சாய்த்து மூடி, மேடையில் வைத்துக் கவ்விகளை மாட்டிவிட்டு, வரிசையில் முதலில் நின்ற பெண்ணைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"டீச்சர், பாரமீசியம் ஒண்ணையும் காணோம். நம்ம ஆறுதான் ஓடுது."

"லென்ஸைத் துடைச்சியா?"

"துடைச்சேன் டீச்சர்."

"தாவணி முந்தானையாலயா, லென்ஸ் தாளாலயா?"

"தாளாலதான் டீச்சர். ஆறு போறப்போ ஒரு பித்தளைக் குடத்தையும் இழுத்துக்கிட்டுப் போவுது."

டீச்சர் பார்த்தார். செந்தண்ணீர், நுரை, வேரோடு பெயர்ந்து வந்த ஒரு பூவரசங்கிளை, தென்னை மட்டைகள், தலைகுப்புறக் கவிழ்ந்த ஒரு பித்தளைக் குடம். எல்லாம் மேலே இருந்து பார்க்கிற மாதிரி தெரிந்தன. கரைகள் துளிக்கு வெளியே போய்விட்டன, உள்ளே இருந்தது தண்ணீரும் தண்ணீர் கொண்டு போனவையும்தான். பார்க்கப் பார்க்க ஆறு ஓடியதே தவிர அங்கே பொழுது நகரவில்லை; காலையில் பார்த்தாலும் சாயங்காலம் பார்த்தாலும் அது அந்த ஐப்பசி மாதத்து மழைக்காலையாகவே இருந்தது. எந்த ஐப்பசி என்று டீச்சருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் அன்றைக்குப் பெண்களுக்கு வெங்காயத்தோலைக் காட்டிவிட்டு வகுப்பை முடித்தார்.

இந்த இடத்தில் சண்முகவடிவு டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மைக்ராஸ்கோப்பைத் தூக்குவதென்றால் ஒரு கை கழுத்தில், மறு கை அடியில் இருக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பை எங்கள் ஊர்த் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்குவதில்கூடக் காட்டியதில்லை. அவரிடம் படித்த பெண்கள் இன்றைக்கு எங்கெங்கோ குடித்தனம் செய்கிறார்கள், பாதிப் பேர் பாடத்தை எல்லாம் மறந்துவிட்டார்கள், ஆனால் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த விதிகளை ஒப்பிப்பார்கள்: ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில், கண்ணாடியை வெயிலுக்குக் காட்டாதே, வெளிச்சத்துக்குக் காட்டு, முதலில் சின்ன லென்ஸ், பிறகு நடு லென்ஸ், கடைசியில்தான் பெரிய லென்ஸ், குழாயை இறக்கும்போது பக்கவாட்டில் பார்த்து இறக்கு, கண்ணை வைத்துக்கொண்டு ஏற்று, பெரிய லென்ஸ் இருக்கும்போது பெரிய திருகைத் தொடாதே, சின்னத் திருகை மட்டும் தொடு, தெரிவது தலைகீழ், இழுத்தால் விலகும், தள்ளினால் நெருங்கும், வேலை முடிந்ததும் உறை போட்டு மூடு. பிரார்த்தனைப் பாட்டுப் போல இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் வகுப்பில் யாரும் உட்காரலாம்.

அவருடைய கணவர் பால்வண்ணன். அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், நல்ல மனிதர், ஆனால் கிழக்கே போ என்றால் மேற்கே போகிற பிறவி. மனைவி குழம்பில் உப்புக் கூட என்றால் அவருக்கு அது குறைவாக இருக்கும், மழை வரும் என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார், வராது என்றால் எடுத்துக்கொண்டு போவார், இதைச் சொல்லி ஊரே அவரைக் கேலி செய்யும், அவரும் சிரிப்பார். அவருக்குத் தூத்துக்குடியில் ஒரு வேலை கிடைத்தது. கூட வா என்றார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வர முடியாது என்றார் டீச்சர். அந்த ஐப்பசிக் காலையில் பேச்சு முற்றி, "போறவங்க போகலாம், நான் ஒண்ணும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டேன்" என்று டீச்சர் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஊர் ஆற்றுக்குத் தென்கரையில், பஸ் நிலையம் வடகரையில், நடுவில் தரைப்பாலம். வடகரை டீக்கடைக்காரர் அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தார், தூத்துக்குடி பஸ் வந்ததைப் பார்த்தார், கூட்டம் ஏறி இறங்கியதைப் பார்த்தார், பிறகு பெஞ்சு காலியாக இருந்ததைப் பார்த்தார். அதற்குள் மேலே அணை திறந்து பெருவெள்ளம் வந்து தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்குப் போய்விட்டது. பால்வண்ணன் தூத்துக்குடியிலும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஊரில் இரண்டு கட்சி உண்டானது. பஸ் கட்சிக்காரர்கள் அவர் பஸ் ஏறிப் போய்விட்டார், பம்பாயிலோ சூரத்திலோ வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்றார்கள். ஆற்றுக் கட்சிக்காரர்கள் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பி வந்தார், வழியில் ஆறு கொண்டு போனது என்றார்கள். ஆற்றுக் கட்சிக்குத் தலைவி அவருடைய அக்கா பிரமு. அமாவாசைதோறும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலை போட்டுச் சோறு வைத்து, "பால்வண்ணா, வாடா தம்பி" என்று காக்கையைக் கூப்பிடுவாள். டீச்சர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பொட்டை அழிக்கவும் இல்லை, கணவர் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவும் இல்லை. பஸ் ஏறியிருந்தால் மனிதர் உயிரோடு இருக்கிறார், ஆனால் தன்னை வேண்டாமென்று போயிருக்கிறார். ஆற்றில் போயிருந்தால் தன்னை வேண்டுமென்று வந்திருக்கிறார், ஆனால் இல்லை. இந்த இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்தான் அந்த மனுஷி அத்தனை வருஷம் கோயிலுக்கே போகாமல் இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

துளிக்குள் ஆறு ஓடுகிறது என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. மறுநாள் ஆய்வக வாசலில் வரிசை நின்றது. தலைமையாசிரியை முதலில் திட்டினார், பிறகு தானும் பார்த்தார், பிறகு சனிக்கிழமை முற்பகல் பொதுமக்களுக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். ஆடிப்பெருக்கு வந்தபோது பெண்கள் சித்திரான்னங்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கே கொண்டுவந்து, ஆய்வகத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர், மணல் லாரிகளில் பாதி அவருடையது, மைக்ராஸ்கோப்புக்கு மாலை போட வந்தார். குழாயில் மகரந்தம் விழும் என்று டீச்சர் தடுத்துவிட்டார், அதனால் மாலையை முப்பிடாதி கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஆறு ஓடுவதாகச் சான்றிதழ் கிடைத்தால் மணல் எடுக்கத் தடை வராது என்று அவருக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள்.

ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் ஆற்றைப் பார்க்க வரவில்லை, ஆறு கொண்டு போனதைப் பார்க்க வந்தார்கள். அந்த வெள்ளத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஏதாவது போயிருந்தது. பித்தளைக் குடத்தை இரண்டு வீட்டார் தங்களுடையது என்றார்கள், அடியில் நெளிவு இருக்கிறதா பார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கடைசியில் சம்பந்தி முறையே முறியப் பார்த்தது. ஒருவர் தன் வைக்கோல் போரை அடையாளம் கண்டு அழுதார். ஒரு வயதான மனிதர் தன் வெள்ளாட்டைப் பார்த்துவிட்டு, அது இன்னும் நீந்திக்கொண்டுதான் இருக்கிறது, சாகவில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார், வாராவாரம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். வந்தவர்கள் குழாயில் கண்ணை வைத்திருக்க, டீச்சர் எதிர்ப்பக்கம் நின்று, அவர்கள் கேட்ட பக்கமாகச் சில்லை விரலால் மெல்ல நகர்த்திக் கொடுப்பார். தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடும்படிதான் எப்போதும் சில்லை மாட்டுவார். ஆறு கிழக்கே ஓடுவதால், அப்படி மாட்டினால் பார்க்கிறவர் நெஞ்சுப் பக்கம் நம் ஊர், எதிர்ப்பக்கம் பஸ் நிலையம் என்று யாருக்கும் புரியும்.

துளி காய்ந்துவிடக் கூடாதே என்பதுதான் பெரிய கவலை. கவர் சிலிப்பின் ஓரத்தை அடைத்தால் காற்றுப் புகாது, அதற்கு நகப்பூச்சு நல்லது என்று டீச்சருக்குத் தெரியும், ஆனால் பள்ளியில் நகப்பூச்சுக்குத் தடை விதித்தவரும் அவரேதான். அவர் மேசை இழுப்பறையில் பறிமுதல் செய்த குப்பிகள் கிடந்தன. ஒரு சிவப்புக் குப்பியை எடுத்து நான்கு ஓரத்திலும் பூசினார். அதனால் எங்கள் ஆறு அந்தப் புரட்டாசி முழுக்க, ஐப்பசி முழுக்க, உதட்டுச்சாயம் பூசிய கல்யாணப் பெண் மாதிரி சிவப்பு விளிம்போடு இருந்தது.

சின்ன லென்ஸில் ஆறு முழுதாகத் தெரியும். நடு லென்ஸில் தண்ணீருக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதை வண்டு என்றார்கள் சிலர், தார் டின் மூடி என்றார்கள் சிலர். ஆனால் அது மற்றவை போல மிதந்து போகவில்லை, ஒரே இடத்தில் தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு இருந்தது, அது தரைப்பாலம் இருக்க வேண்டிய இடம். அது குடை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் யாரும் டீச்சரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் ஊருக்கு வாய் அதிகம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பஸ் கட்சியும் ஆற்றுக் கட்சியும் கூடிப் பேசி வைத்ததுபோல வண்டு, வண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

டீச்சர் அதை முதல் நாளே பார்த்திருந்தார். நடு லென்ஸோடு நிறுத்திக்கொண்டார், பெரிய லென்ஸுக்குப் போகவே இல்லை. முப்பிடாதி ஒரு நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே, எங்கோ பார்த்துச் சொல்வது போலக் கேட்டார்.

"டீச்சர், பெரிய லென்ஸைப் போட்டா வண்டு இன்னும் தெளிவாத் தெரியும்லா?"

"தெரியும்."

"பின்ன ஏன் டீச்சர் போட மாட்டேங்கிய?"

"வண்டுன்னா வண்டாவே இருந்துட்டுப் போவட்டும் முப்பிடாதி. அதைப் பிடிச்சு என்ன செய்யப் போறோம்?"

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மாசி பிறந்ததும் வெயில் ஏறியது, நகப்பூச்சு வெடித்தது, துளியின் ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி புகுந்து ஒவ்வொரு நாளும் உள்ளே வந்தது. முதலில் வைக்கோல் போர் போனது, பிறகு பூவரசங்கிளை, பிறகு வெள்ளாடு. அந்த வயதான மனிதர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, "இந்தத் தடவை நெசமாவே போயிட்டுது" என்றார். குமிழி தரைப்பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் பிரமு ஆய்வகத்துக்கே வந்தாள், வரிசையில் நிற்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"வடிவு, நான் உன்கிட்ட இத்தனை வருசத்துல ஒண்ணும் கேட்டதில்லை. இதைக் கேக்கேன். அவன் எந்தப் பக்கம் போறான்னு பாத்துச் சொல்லு."

"பாத்து என்ன ஆவப் போவுது மைனி?"

"நான் காக்காய்க்குச் சோறு வைக்கேன். உசிரோட இருக்கவனுக்கு வைக்கேனோ, செத்தவனுக்கு வைக்கேனோன்னு ஒவ்வொரு அமாவாசைக்கும் வச்ச சோத்தையே பாத்துட்டு நிக்கேன். உனக்குத் தெரிய வேண்டாமா?"

டீச்சர் வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் யாரையும் கூப்பிடாமலேயே ஊர் பள்ளி மைதானத்தில் கூடிவிட்டது. வேப்பமரத்தடியில் பஸ் கட்சி, குடிநீர்த் தொட்டி அருகே ஆற்றுக் கட்சி, நடுவில் தனியாகப் பிரமு. உள்ளே டீச்சரும், கதவோரம் முப்பிடாதியும் மட்டும். அங்கே நடந்ததை முப்பிடாதி பிற்பாடு எங்களுக்குச் சொன்னார், நான் அவர் சொன்னபடி சொல்கிறேன்.

டீச்சர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாராம். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில் பிடித்து மைக்ராஸ்கோப்பைச் சன்னலுக்கு நேரே வைத்தார். கீழ்க் கண்ணாடியைச் சுண்ணாம்புச் சுவரின் வெளிச்சத்துக்குத் திருப்பினார். லென்ஸைத் தாளால் துடைத்தார். சின்ன லென்ஸில் ஆற்றைக் கண்டுபிடித்தார், நடு லென்ஸில் புள்ளியைக் கண்டுபிடித்து அதை நடுவுக்குக் கொண்டுவந்தார், பிறகு கொஞ்ச நேரம் கண்ணை எடுத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிய லென்ஸைத் திருப்பினார், அது தன் இடத்தில் விழுந்து 'டிக்' என்றது. வெளிச்சம் குறைந்தது, மேடைக்கு அடியில் உள்ள துவாரத்தைத் திறந்தார். சின்னத் திருகை முன்னும் பின்னுமாகத் திருப்பினார். முப்பிடாதிக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

"ஒட்டு தெரியுது" என்றார் டீச்சர்.

"என்ன ஒட்டு டீச்சர்?"

"குடையில ஓட்டை விழுந்துச்சு. என் பச்சை ரவிக்கைத் துணியை வச்சுத் தைச்சுக் கொடுத்தேன். கறுப்புத் துணி வாங்கிட்டு வந்து தைன்னாவ. நான் கேக்கலை."

சுற்றிலும் தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை. தரைப்பாலம் தண்ணீருக்கு அடியில் இருந்தது, கரை எதுவும் தெரியவில்லை, மேலே இருந்து பார்த்தால் குடை மட்டும்தான், முகம் இல்லை, கால் இல்லை, ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று சொல்ல வழியில்லை. குடை வட்டத்தின் நடுவில் இல்லாமல் சற்றே மேலே, பஸ் நிலையத்துப் பக்கமாக இருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவரலாம் என்று டீச்சர் சில்லைத் தன் பக்கமாக, ஒரு மயிரிழை இழுத்தார். குடை மேலே போனது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். குடை இன்னும் கொஞ்சம் போனது. அவர் இழுக்க இழுக்க அது தள்ளித் தள்ளி, ஊரை விட்டு, வீட்டை விட்டு, பஸ் நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"பாரு, பாரு. கூப்பிடக் கூப்பிடப் போறாவ" என்றாராம் டீச்சர். "ஒரு நாளாவது நான் சொன்னதைக் கேட்டதுண்டா? இழுக்க மாட்டேன்னு சொன்னேன். இப்ப இழுக்கேன், வரமாட்டேங்காவ."

அத்தனை வருஷமாக யாரிடமும் காட்டாத கோபம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது என்று முப்பிடாதி சொன்னார். குடை வட்டத்தின் விளிம்புக்குப் போய் மங்கியது. அது மறைவதற்குள் ஒரு தடவை தெளிவாகப் பார்த்துவிட வேண்டுமென்று டீச்சரின் கை திருகுக்குப் போனது, கண்ணை எடுக்காமலேயே போனது, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பாட்டாகச் சொல்லிக்கொடுத்த அதே கை சின்னத் திருகைத் தாண்டிப் பெரிய திருகைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பியது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

முப்பிடாதி ஓடிப்போய்ப் பார்த்தபோது கவர் சிலிப் நான்காகப் பிளந்திருந்தது, மேடைமேல் கொஞ்சம் ஈரம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. டீச்சர் லென்ஸைத் தாளால் துடைத்தார். உறையை எடுத்து மூடினார். வெளியே வந்து, வெயிலுக்குக் கையைக்கூடக் கண்ணுக்கு மேல் வைக்காமல் நின்று, பிரமுவைப் பார்த்துச் சொன்னார்.

"போயிட்டாவ மைனி. பஸ் பக்கம்தான் போனாவ. நான் கண்ணால பாத்தேன்."

பஸ் கட்சி ஜெயித்தது. ஜெயித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். ஆறு போனதற்காக ஊர் டீச்சரைக் கோபித்துக்கொள்ளவில்லை, முப்பிடாதி மறுபடியும் மறுபடியும் ஊற்றுத் தோண்டிப் பார்த்தார், வந்த தண்ணீரில் வெறும் பாரமீசியம்தான் இருந்தது. பிரமு அடுத்த அமாவாசைக்கு இலை போடவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு எதற்குக் காக்கைச் சோறு, அது அவன் ஆயுளுக்கு ஆகாது என்றாள். காக்கைகள் வழக்கம்போல வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கத்தின, அவள் கீழே கதவைச் சாத்திக்கொண்டாள். வேண்டாமென்று போனவருக்காக எதற்கு என்பதுபோல டீச்சர் பொட்டு வைத்துக்கொள்வதை நிறுத்தினார். கேட்டதற்கு, நெற்றி அரிக்கிறது என்றார். எங்களுக்கு அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, ஆனாலும் ஒரு விஷயம் முடிந்தது என்கிற நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. புதிதாக வந்த பதினோராம் வகுப்புப் பெண்கள் விதிகளை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். பெரிய லென்ஸ் கீறல் விழுந்து போனதால் மாற்று லென்ஸ் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு ஆய்வகத்தில் வெங்காயத்தோல். டீச்சர் சன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த பெண் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?" என்றார் டீச்சர் திரும்பாமலே.

"சரியா வர மாட்டேங்கு டீச்சர். என் பக்கமா இழுத்தா அது அந்தப் பக்கமாப் போவுது."

"அது எங்கயும் போவலை. அது அங்கேயேதான் இருக்கு, உன் கைதான் நகருது" என்றார் டீச்சர், வருஷாவருஷம் சொல்கிற அதே குரலில், அதே வேகத்தில். "தெரியுறது தலைகீழ். வேணும்னா உன்னைவிட்டுத் தள்ளு, அது உன் பக்கம்..."

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சரின் வாய் திறந்தபடி இருந்தது, வலது கை விரல்கள் காற்றில் எதையோ தன் பக்கமாக ஒரு மயிரிழை இழுத்தன, பிறகு நின்றன, பிறகு எதிர்ப்பக்கமாக மெல்லத் தள்ளின. வாராவாரம் ஊருக்கெல்லாம் சில்லை நகர்த்திக் காட்டிய விரல்கள் அவை. மற்றவர்கள் கண்ணுக்காக நகர்த்தும்போது ஒரு தடவையும் தப்பவில்லை. முப்பிடாதி முக்காலியைக் கொண்டுவந்து போட்டார், டீச்சர் உட்கார்ந்தார்.

"நின்னுட்டு இருந்திருக்காவ" என்றார். "முப்பிடாதி, அவுக நின்னுட்டுத்தான் இருந்திருக்காவ."

வகுப்புப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பிடாதிக்குப் புரிந்தது, அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பால்வண்ணன் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அங்கே நின்றாரா, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நின்றாரா, போகவா வரவா என்று தெரியாமல் நின்றாரா, அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. துளி போனது, ஆறு போனது. ஏறுகிற தண்ணீருக்கு நடுவே ஒரு மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார் என்பது மட்டும் தெரியும். சில்லைக் கொஞ்சம் தள்ளிவிட்டிருந்தால் அவர் நெருங்கி வந்திருப்பார், நடுவுக்கு, கண்ணுக்கு நேரே. டீச்சர் தள்ளவில்லை, இழுத்தார்.

ஆடி அமாவாசையன்று காலையில் டீச்சர் பிரமுவின் வீட்டுக்குப் போனார். பிரமு கதவைத் திறந்து பார்த்தாள், டீச்சர் நெற்றியில் பொட்டு இல்லை, கையில் மூடி வைத்த பாத்திரம் இருந்தது.

"மைனி, அவுக போவலை. நான்தான் இழுத்தேன். தப்பாப் பாத்துட்டேன்" என்றார் டீச்சர். "இலை இருக்கா?"

பிரமு உள்ளே போய் வாழை இலை ஒன்றை நறுக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் மாடிக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் தரைப்பாலம் தெரியும், அதன் இரண்டு பக்கமும் மணல்தான். டீச்சர் கைப்பிடிச் சுவரில் இலையை விரித்து, பாத்திரத்திலிருந்து சோற்றை எடுத்து வைத்தார், குழம்பு ஊற்றினார், கணவர் எதையும் மாற்றித்தான் சொல்வார் என்பதால் உப்பைக் கொஞ்சம் குறைவாகவே போட்டிருந்தார். பிரமு தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள், பிறகு டீச்சரே கூப்பிடட்டும் என்று விலகி நின்றாள். டீச்சரும் கணவர் பெயரை வாழ்நாளில் சொல்லிப் பழகாதவர், அதனால் அவரும் கூப்பிடவில்லை.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் பார்த்துச் சொன்னது இது. டீச்சர் இலையின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டார். அதைத் தன் பக்கம் இழுக்கவில்லை. அந்தப் பக்கமாக, ஒரு மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை தள்ளி வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நின்றார்.